யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குப் படிக்கப் போகிறவர் அங்குள்ள குளிருக்கு எப்படிப் பழகுவது?

கேட்டவர் எழுதியிருப்பது: "யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எனக்குப் பதுளை மாவட்டத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எனக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை. அங்கே நம்மவர்கள் யாரும் இல்லை. எப்படிப் பழகுவது?"

முதல் இரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் பதில் சொல்வதானால் நான்கு வரிகள் போதும். நம்மவர்கள் யாரும் இல்லை என்ற வாக்கியம்தான் என்னைக் குத்தியது. வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்று அதே வாக்கியத்தை, ஒரு சொல்லும் மாறாமல், நானும் சொல்லியிருக்கிறேன்.

2013 ஆம் ஆண்டு பதுளை மாவட்டத்துப் பண்டாரவளைக்கு அப்பாலுள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் படித்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அப்போது யாழ்ப்பாணம் வரை புகையிரதம் ஓடவில்லை. ஆகவே அப்பாவும் நானும் இரவுப் பேருந்தில் ஏ9 வீதி வழியாகக் கண்டிக்குப் போய், அங்கிருந்து பதுளைப் புகையிரதத்தில் ஏறினோம். பட்டிப்பொல நிலையம் 1891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் அதைவிட உயரமான புகையிரத நிலையம் கிடையாது. வண்டி அங்கே நின்றபோது, நல்லூர்த் தேருக்கு மட்டும் வெளியே எடுக்கும் சால்வையை அப்பா எடுத்துத் தலையையும் காதையும் சுற்றிக் கட்டிக்கொண்டார். அந்தக் கோலத்தில் அவரை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை. இது சரிவராது என்று அப்போதே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

பண்டாரவளையைக் குளிர்ப் பிரதேசம் என்று சொன்னால் நுவரெலியாவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கனடாவிலிருக்கும் என் மாமாவும் சிரித்தார். "மைனஸ் முப்பதிலை நாங்கள் வேலைக்குப் போறம் பிள்ளை" என்றார். அவருடைய வீட்டுக்குள் சூடு ஓடுகிறது. நான் இருந்த அறைக்குள் வெளியிலிருந்த அதே குளிர்தான் இருந்தது. பண்டாரவளை ஏறத்தாழ 1200 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஆறரைப் பாகை குறையும் என்று பாடசாலையில் படித்தோம் அல்லவா, அந்தக் கணக்கின்படி நம் ஊரைவிட எட்டுப் பாகை அளவுதான் குறைவு. எட்டுப் பாகைதானே என்று நானும் எண்ணினேன். பிறந்ததிலிருந்து இருபது பாகைக்குக் கீழே அதிகம் இறங்காத ஊரில் வளர்ந்த உடம்புக்கு, மார்கழி இரவில் பதினான்கு, பதினைந்து பாகை என்பது எலும்புக்குள் போய் உட்காருகிற விடயம்.

இரண்டாம் நாள் காலை, அம்மா தந்துவிட்ட தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. உள்ளே வெள்ளையாக மெழுகுபோல இறுகிக் கிடந்தது. கடைக்காரர் எதையோ கலந்து விற்றுவிட்டார் என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா அன்று மாலையே கடைக்குப் போய் அந்த மனிதருக்கு நன்றாகப் பேசிவிட்டு வந்தார். தேங்காய் எண்ணெய் இருபத்துநான்கு பாகை அளவிலேயே உறையத் தொடங்கிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் எண்ணெய் கொண்டுபோவதானால் வாய் அகன்ற பாத்திரத்தில் கொண்டுபோங்கள். விரலால் தோண்டி எடுக்கலாம்.

நான் போன காலம் ஐப்பசி. வடகீழ்ப் பருவமழை நமக்குப் பெய்கிற அதே மாதங்களில்தான் பதுளை அடங்கிய ஊவா மாகாணத்திலும் பெய்கிறது. ஆனால் மழை விட்ட பிறகு நம் ஊரில் வெயில் வரும், அங்கே மூடுபனி வந்தது. தோய்த்துக் காயப்போட்ட சட்டை மூன்று நாளாகியும் ஈரமாகவே இருந்தது. அம்மா கட்டித்தந்த ஒடியலிலும் பயத்தம் பணியாரத்திலும் இரண்டு கிழமைக்குள் பூஞ்சணம் பிடித்தது. ஊரில் வெக்கைக்குச் சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுத்த பழக்கத்தில் அங்கேயும் பாயை விரித்தேன். குளிர் மேலிருந்து வரும் என்று நினைத்து இரண்டு போர்வை போர்த்திக்கொண்டேன். அது தரையிலிருந்து ஏறி முதுகைப் பிடித்தது. குளிரை நான் பின்னர் ஓரளவு பொறுத்துக்கொண்டேன். ஈரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்கிற எல்லோருக்கும் இதனைத்தான் முதலில் சொல்வேன்: தடித்த ஆடையைத் தேடுவதற்கு முன்னர் காய்ந்த ஆடைக்கு வழி தேடுங்கள்.

இனி என்னுடைய முட்டாள்தனத்தைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவோம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் நிலத்தடியில் கிடப்பதால் விடியற்காலையில் வெளிக்காற்றைவிட இளஞ்சூடாகவே இருக்கும், அதனால் முழுகுவது ஒரு சுகம். அங்கே குழாயில் வந்தது மலையிலிருந்து இறங்குகிற நீர். தொட்டால் விரல் மரத்துப் போகும். நான் விட்டேனா? விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த நீரைத் தலையில் ஊற்றினேன். சவர்க்காரம் கழுவக் கழுவப் போகவில்லை, வழுவழுவென்றே இருந்தது. நம் ஊரின் சுண்ணாம்புக்கல் நிலத்து வன்னீரில் வளர்ந்தவருக்கு மலைநாட்டு மென்னீரில் அப்படித்தான் இருக்கும் என்பது தெரியாமல், இன்னும் பத்து நிமிடம் ஊற்றினேன். நான்கு வெள்ளிக்கிழமைகள் இப்படி முழுகிய பிறகு பீனிசம் பிடித்தது. காய்ச்சலும் வந்து ஒன்பது நாள் படுத்துவிட்டேன். வழிபாட்டைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நான் இன்றும் வெள்ளிக்கிழமை முழுகுகிறவள்தான்.

நான் வாடகைக்கு இருந்த வீடு ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவருடையது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. சமையலுக்கு உதவியாக, கீழேயுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வருவார். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். காலையில் வந்து கதவடியில் நின்று ஏதாவது கேட்பார். நான் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஏதாவது இருக்கும் என்று அப்போது நான் எண்ணியதே இல்லை. இதனை எழுத இன்றைக்கும் கூசுகிறது.

காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் அவர் வாசலில் நின்று, "தங்கச்சி, நோனா உங்ககிட்ட பேசணுமாம்" என்றார். வீட்டுக்கார ஆசிரியையைத்தான் நோனா என்பார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் நமக்குப் பேசுகிறார் என்றால் திட்டுகிறார் என்று பொருள். சாதாரணமாகச் சொல்வதற்கு நாம் கதைப்பது என்போம். அறையில் கேத்தில் வைத்ததற்கா, விடியற்காலையில் நீரை ஓடவிட்டதற்கா என்று தெரியாமல், காய்ச்சலோடு போர்வைக்குள் ஒளிந்துகொண்டு மாலை வரை நான் வெளியே வரவில்லை. இருட்டிய பிறகு அந்த ஆசிரியையே மேலே வந்தார். கையில் ஒரு கம்பளி இருந்தது. "சீதலயி, துவ" என்றார். மகளே, குளிர் என்று பொருள். நம் ஊர்ச் சித்த வைத்தியர் சொல்கிற சீதளம் என்ற சொல்தான் அது என்று பிறகு விளங்கியது. நான் கற்ற முதல் சிங்களச் சொல் அதுதான்.

நான் ஏன் ஒளிந்தேன் என்பதை அக்காவிடம் சொன்னபோது அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்துதான் எனக்கு உண்மையான பாடம் தொடங்கியது. பதினொரு மணிக்கு மேல், வெயில் விழுந்த பிறகு குளிக்கச் சொன்னார். தலை ஈரத்தை அடுப்படியில் இருந்து காயவைக்கச் சொன்னார். ஈரத் துணியை அறைக்குள் தொங்கவிட்டால் அந்த ஈரம்தான் இரவில் மூச்சுக்குள் போகும் என்றும், அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைக்கலாம் என்றும் சொன்னார். பாய்க்குக் கீழே காட்போட் பெட்டியைப் பிரித்துப் போட்டார். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துத் தந்தார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். ஒருமுறை அவருடைய லயத்துக் காம்பராவுக்குப் போனேன். சிறிய அறை, தகரக் கூரை. மூன்று பேர் அடுப்பைச் சுற்றி இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரை விட்டு வந்த பிறகு என் கால் விரல்கள் முதல் தடவையாகச் சூடானது அங்கேதான்.

இப்போது உங்கள் மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். பதுளை மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிற மக்கள் வாழ்கிறார்கள். ஊரில் தேநீர் குடிக்கும்போதெல்லாம் அவர்களுடைய கைப்பட்டதைத்தான் குடிக்கிறோம். அப்படியிருக்க, நம்மவர்கள் யாரும் இல்லை என்று நாம் சொல்கிறோம். நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருப்பீர்கள் என்று நான் எண்ணவில்லை. வீட்டில் கேட்டுப் பழகிய வாக்கியம் அது. விடுமுறைக்கு வந்தபோது என் உறவினர் ஒருவர், "தோட்டப் பக்கமோ படிக்கிறாய்? வேறை இடம் கிடைக்கேல்லையோ?" என்று ஒரு கலியாண வீட்டில் பலர் முன்னிலையில் கேட்டார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் இலண்டனில் அந்நியர் நடுவில் வாழ்கிறார்கள், அதனைப் பெருமையாகச் சொல்வார். சொந்த நாட்டில் முந்நூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் தமிழர் மட்டும் அவருக்கு அந்நியர். அந்தக் கலியாணத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேள்விக்கு வெளியே போகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். ஒன்பது நாள் நான் காய்ச்சலில் கிடந்ததற்குக் காரணமே, வாசலில் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்காததுதான்.

2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியதால், இரண்டாம் ஆண்டில் பொல்காவலையில் இறங்கிப் பதுளை வண்டிக்கு மாறிப் போக முடிந்தது. அதே மாதம் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. உடனே திரும்பி வரும்படி அம்மா அழுதார். அன்றிரவு அக்கா தம் வீட்டுக்குப் போகாமல் எங்கள் சமையலறையில் விழித்திருந்தார். அவருடைய லயமும் ஒரு சரிவின் கீழேதான் இருந்தது. கூரையில் மழை விழும் சத்தத்தை அதற்குப் பிறகு நான் அவரைப்போலவே காதைக் கூர்மையாக்கிக் கேட்கத் தொடங்கினேன்.

கொண்டுபோக வேண்டிய பொருட்கள் பற்றி வேறு பதில்களில் நிறைய இருக்கும். யாழ்ப்பாணத்துக் கடைகளில் குளிர்ச்சட்டை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். மலைநாட்டு நகரங்களின் நடைபாதைக் கடைகளில் நல்லது, மலிவானது கிடைக்கும். காலுறை நான்கு சோடி வேண்டும். மிளகாய்த்தூளைக் காற்றுப் புகாத போத்தலில் போடுங்கள். முதல் மழைக்காலத்தைத் தாண்டினால் ஆடி, ஆவணியில் ஊவாவில் வறண்ட காற்று வீசும், வானம் தெளியும். அந்த மாதங்களில் ஊருக்கு வர மனமே வராது.

சென்ற ஆவணியில் அக்கா நல்லூர்த் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெக்கை தாங்காமல் இரவு முழுவதும் தூங்கவில்லை. பாயையும் தள்ளிவிட்டு வெறும் சீமெந்தில் படுத்துப் பார்த்தார். விடியற்காலையில் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், துலாவில் நீர் அள்ளி ஒரு வாளி ஊற்றினேன். சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று முதலில் குறைப்பட்டார். இரண்டாவது வாளியை ஊற்றும்போது கையை நீட்டி நிறுத்தி, என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்நேரத்துல தண்ணிய யாரு சுட வச்சா?"