கோத்தகிரி மாதிரி மலை ஊரில் தொற்றுத் தொடர்பு கண்டறியும் செயலி உண்மையில் உதவுமா?

ஓரளவுக்குத்தான். கொரோனாவுக்காக 2020 ஏப்ரலில் வந்த மத்திய அரசின் செயலியான ஆரோக்கிய சேது, பக்கத்தில் இருந்த போன்களை புளூடூத் மூலம் குறித்துவைத்தது; பிறகு ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அவர் அருகில் இருந்தவர்களை எச்சரிக்கத்தான் இது. ஆனால் இருவர் போனிலும் செயலி இருக்க வேண்டும். நூற்றுக்கு 40 பேரிடம் இருந்தால், சந்திக்கும் இருவரிடமும் அது இருக்கும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம்தான். தேயிலைத் தோட்டத்தில் பட்டன் போன் வைத்திருப்பவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

அப்புறம், புளூடூத் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. சிக்னல் வலிமையை வைத்து ஊகிக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டி வாழும் லயன் வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் தூங்குபவரும் 'தொடர்பு' ஆகிவிடலாம். நெரிசலான குன்னூர் பஸ்ஸிலோ உடம்புகள் சிக்னலை மறைத்து, இருமியவரே விடுபடலாம்.

சரி, வீணா என்றால் அப்படியும் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் வந்த செயலி 2020 இறுதிக்குள் சில லட்சம் தொற்றுகளைத் தவிர்த்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அங்கே அதே செயலியிலேயே பரிசோதனைக்கும் பதிவு செய்ய முடிந்தது.