பட்டுப்போன மரங்களை அகற்றினால் காடு வனவிலங்குகளுக்கு ஏற்றதாகுமா?

பெரும்பாலும் ஆகாது. நின்றபடியே பட்டுப்போன மரத்தின் இற்றுப்போன கட்டையில் மரங்கொத்தி குடையும் பொந்து, அது விட்டுச்சென்ற பின், தாமாகப் பொந்து குடைய இயலாத சிறு ஆந்தைகளுக்கும் அணில்களுக்கும் வீடாகிறது. விழுந்து மட்கும் கட்டையோ ஈரத்தைத் தேக்கிவைத்துப் பூஞ்சைகளையும் வண்டுப் புழுக்களையும் தவளைகளையும் வாழவைக்கிறது. ஆகவே பாதையின்மீது விழக்கூடியவற்றை மட்டும் அகற்றி, மற்றவற்றை, குறிப்பாகப் பருத்த மரங்களை, விட்டுவைப்பதே முறை. மெலிந்த மரங்களில் பெரிய பொந்துகள் அமைவதில்லை. விட்டுவைத்த பட்டுப்போன மரங்கள் தீக்கு இரையாகும் என்ற அச்சம் முற்றிலும் தவறன்று. எனினும் தரைத்தீயை விரைந்து பரப்புவன பெரும்பாலும் காய்ந்த புல்லும் சருகும் சுள்ளிகளுமே. உயிருள்ள மரங்கள் நெருங்கி வளர்ந்து வெயில் தரையை எட்டாத இடங்களில் சில இளமரங்களைக் கழித்தால், இரையும் மறைவிடமும் தரும் புதர்கள் தழைக்கும். அதையும் பறவைகள் கூடுகட்டும் பருவம் முடிந்த பிறகே செய்யவேண்டும்.