வாசகர் கேள்வி பதில்: சிறுவர் தொடரைப் பெரியவர்கள் படிக்கலாமா?

கேள்வி: நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். மகளுக்காக வாங்கிய சிறுவர் தொடர் நாவல் ஒன்றைச் சும்மா புரட்டப் போய், அவளுக்கு முன்னால் நான்கு பாகங்களை முடித்துவிட்டேன். வீட்டில் ஒரே கேலி. பெரியவர்கள் இதையெல்லாம் உண்மையிலேயே ரசிக்க முடியுமா, இல்லை பால்ய கால ஏக்கத்தைத்தான் நான் ரசனை என்று சொல்லிக்கொள்கிறேனா?

பதில்: நான்கு பாகங்களை முடித்துவிட்டு ரசிக்க முடியுமா என்று கேட்கிறீர்களே! ஏக்கம் என்றால் சின்ன வயதில் படித்ததைத் திரும்ப எடுக்கும்போதுதான் வரவேண்டும். நீங்கள் முதல்முறையாகப் படித்திருக்கிறீர்கள், அதனால் அந்தக் குற்றச்சாட்டு உங்கள் மேல் ஒட்டாது.

சிறுவர்களுக்கு மட்டுமே பிடிக்கிற சிறுவர் கதை மோசமான சிறுவர் கதை என்பது நார்னியா என்ற சிறுவர் தொடரை எழுதிய சி.எஸ். லூயிஸின் கட்சி. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆறு வயதுக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிற புத்தகம் எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை என்றால் அது புத்தகத்தின் குறை ஆகாது. ஆனால் தொடர் என்று வரும்போது கதை வேறு. நீண்ட தொடரை எழுதி முடிக்கப் பத்து, இருபது வருடம் கூட ஆகிவிடும், அதற்குள் எழுதுகிறவருக்கு வயதாகிறது, அவர் வீட்டில் சாவு நடக்கிறது, முன்பு நம்பியது இப்போது பொய்யாகத் தெரிகிறது, இதெல்லாம் அவர் தடுத்தாலும் கதைக்குள் வந்துவிடும். குழந்தை அந்தக் கதையைப் படிக்கும். நமக்கு அந்த வருடங்களும் சேர்ந்து தெரியும்.

பின்லாந்து எழுத்தாளர் டோவே யான்சனின் மூமின் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள், மூமின்கள் நீர்யானை போன்ற முகம் கொண்ட கற்பனைப் பிராணிகள். முதல் புத்தகம் 1945இல் வந்தது. கடைசி நாவல் 1970இல், அவருடைய அம்மா இறந்த அதே வருடத்தில் வந்தது. அந்த நாவலில் மூமின் குடும்பம் கதை முழுக்க வீட்டிலேயே இல்லை! அவர்களைப் பார்க்க ஆளுக்கொரு காரணத்தோடு சிலர் வருகிறார்கள், வீடு காலியாக இருக்கிறது, சரி, வந்துவிடுவார்கள் என்று அங்கேயே தங்கிக் காத்திருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறார்கள், சமைக்கிறார்கள், மழை பெய்கிறது. அதில் ஒரு சின்னப் பையன், தான் பார்த்தே இராத மூமின் அம்மாவைக் கற்பனையில் உருவாக்கி வைத்துக்கொண்டு அவளுக்காகவே காத்திருக்கிறான். குழந்தைகள் சிலருக்கு இது அலுப்பாக இருக்கலாம், அதில் தப்பில்லை. பெற்றவர்களைப் பறிகொடுத்த வயதில் இருப்பவர் ஒரே மூச்சில் படித்துவிட்டு அப்புறம் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ என்ற மந்திரவாதிகள் உலகத் தொடர் இன்னொரு விதம். 1968இல் முதல் நாவல், 1972இல் மூன்றாவது, அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான்காவது 1990இல் வருகிறது, பதினெட்டு வருடம் கழித்து. இரண்டாம் நாவலில் இளம் பெண்ணாக இருந்த டெனார் இப்போது நடுவயது விதவை, தீக்காயங்களோடு கிடைத்த ஒரு குழந்தையை வளர்க்கிறாள். முதல் நாவலின் நாயகனான பெரிய மந்திரவாதி சக்தியெல்லாம் இழந்து, அந்த வெட்கத்தில் ஆள் முகத்தில் விழிக்கப் பயந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். முன்பு தானே கட்டிய உலகத்தில் பெண்களுக்கு ஏன் இடமே இல்லை என்று ஆசிரியர் தன்னிடமே கேட்டுக்கொள்வது போல இருக்கிறது. பதின்வயதில் இதைப் படித்தவர்களில் சாகசம் எங்கே என்று எரிச்சல்பட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்தத் தொடரிலேயே சிறந்தது இதுதான், இதை ரசிக்க வயதும் கொஞ்சம் ஆகியிருக்க வேண்டும்.

ஆக, தாராளமாகப் படியுங்கள். ஒரே ஒரு கோரிக்கை: மகளிடம் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: பயணத்தில் படிக்க ஆசைதான். ஆனால் பொம்மைப் படம் போட்ட அட்டையைக் கையில் பிடிக்கக் கூச்சமாக இருக்கிறதே?

பதில்: இந்தக் கூச்சம் பதிப்பாளர்களுக்கு நன்றாகவே தெரியும். ஹாரி பாட்டர் முதல் நாவலுக்கு 1998இல் ப்ளூம்ஸ்பரி நிறுவனம் பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டது. கறுப்பு வெள்ளைப் புகைப்படம், உள்ளே அதே கதை. 2000ஆம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் சிறுவர் புத்தகங்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் ஆரம்பித்ததற்கும், பொதுப் பட்டியலின் உச்சியில் ஹாரி பாட்டர் நகராமல் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். அவ்வளவையும் குழந்தைகள் மட்டுமா படித்தார்கள்? ரொம்பக் கூச்சமாக இருந்தால் அட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மின்னூலாகப் படியுங்கள்.

கேள்வி: சின்ன வயதில் உயிராக இருந்த ஈனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவை மறுபடி எடுத்தேன். பத்துப் பக்கம் தாண்டவில்லை. என் ரசனை கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. 1942 முதல் 1963 வரை மொத்தம் 21 புத்தகங்கள், பிள்ளைகள் கிட்டத்தட்ட வளரவே இல்லை. விடுமுறை, ரகசியப் பாதை, கடத்தல்காரன், மறுபடி விடுமுறை. ஒரே மாதிரி நடக்கும் என்ற உறுதிதான் அந்த வயதில் அதன் சுகம், இப்போது அதுவே சலிப்பாகிறது. போதாததற்கு, ஆன் என்ற பெண்தான் எப்போதும் சமையலும் ஒழுங்குபடுத்தலும் செய்கிறாள் என்பது இப்போது கண்ணை உறுத்தும். எல்லாச் சிறுவர் தொடரும் வளர்ந்தவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டது என்று நான் வாதாட வரவில்லை. திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: கனமான நாவல்களைப் படிக்கச் சோம்பேறித்தனப்பட்டுத்தானே இதைப் படிக்கிறார்கள்?

பதில்: சிலர் அப்படித்தான், சில நாள் நானும். ஆனால் பிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ என்ற மூன்று பாகச் சிறுவர் தொடரில் கடைசி நாவல் 2001ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் என்ற பிரிட்டிஷ் இலக்கிய விருதில் எல்லாப் பிரிவுகளையும் முந்தி அந்த ஆண்டின் சிறந்த புத்தகமாகத் தேர்வானது. சிறுவர் புத்தகம் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. அதைச் சோம்பேறித்தனமாகப் படித்துப் பாருங்கள், சாவையும் கடவுளையும் பற்றி அது போடுகிற சண்டையில் பாதியில் தொலைந்துபோவீர்கள்.

கேள்வி: நார்னியாவை இப்போதுதான் தொடங்குகிறேன். எந்த வரிசையில் படிப்பது?

பதில்: வெளிவந்த வரிசையில். 1950இல் வந்த முதல் புத்தகத்தில் ஒரு சிறுமி துணி அலமாரிக்குள் புகுந்து பனிக்காட்டில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்க்கிறாள். அந்தக் கம்பம் அங்கே எப்படி வந்தது என்பதை 1955இல் வந்த ஆறாவது புத்தகம் சொல்கிறது. இப்போதைய பதிப்புகளில் அந்த ஆறாவதுக்கு ஒன்றாம் எண் போட்டிருப்பார்கள், கதையின் காலப்படி அதுதான் முதல் என்பதால். கேள்வி எழும் முன்பே பதிலைப் படித்து என்ன பயன்? லூயிஸே ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் காலவரிசைப் பக்கம்தான் சாய்ந்தார், ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. ஏழும் சின்னப் புத்தகங்கள். முதல் இரண்டு பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம்.