பழைய ரெகுலேட்டர் சீறுகிறது, லீவரை வளைக்கலாமா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். சீசன் காலத்தில் நிலாவெளியில் சுழியோடிகளை ஏற்றும் படகில் வேலை. இங்கே ஒரு பழைய சாமான் கடையில், சுழியோடிகள் மூச்சுவிடப் பாவிக்கும் பழைய ரெகுலேட்டர் ஒன்றை 18,000 ரூபாவுக்கு வாங்கினேன். துரை பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்ததாம். ஒற்றைக் குழாய், பித்தளைக்கு மேல் குரோம் பூசியது. நிலாவெளியில் சிலிண்டரில் மாட்டித் திறந்தபோது முதலில் சத்தமே இல்லை. இரண்டு நிமிடம் போனதும் வாய்ப்பக்கம் சீறத் தொடங்கியது. முன்னால் இருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டால் அடங்குகிறது, பிறகு மறுபடி சீறுகிறது. தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தால் வாய்க்குள் உப்புத் தண்ணீரும் கொஞ்சம் வருகிறது. ஊரில் கேஸ் அடுப்பும் தண்ணீர்ப் பம்பும் திருத்தும் ஒருவர், உள்ளே இருக்கும் லீவரைக் கொஞ்சம் கீழே வளைத்தால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா? கொடுத்த காசு போய்விட்டதா?

பதில்: வளைக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் சத்தமில்லை, இரண்டு நிமிடம் கழித்துச் சீறுகிறது, பொத்தானை அமுக்கினால் கொஞ்ச நேரம் அடங்குகிறது. சத்தம் வாய்ப்பக்கம் கேட்டாலும் கோளாறு பெரும்பாலும் சிலிண்டர் பக்கத்தில்தான் இருக்கும்.

சிலிண்டரில் மாட்டும் பித்தளைக் கட்டியை முதல் கட்டம் என்பார்கள். வாயருகே வரும் வட்ட டப்பா இரண்டாம் கட்டம். நிரம்பிய சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவில் இருக்கும் அழுத்தத்தை முதல் கட்டம் 9, 10 பாருக்கு இறக்கிக் குழாய்க்குள் விட வேண்டும். அந்த அளவு வந்ததும் இறுக்கமாக அடைத்துக்கொள்ளவும் வேண்டும். அடைக்கிற வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் வால்வு சீட், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு கடினத் துண்டு. உலோக விளிம்பு வருடக்கணக்காக ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் அதில் வட்டமாகப் பள்ளம் விழும். அப்புறம் அது முழுதாக அடைபடாது. காற்று கசிந்து கசிந்து குழாய்க்குள் 11, 12 பார் என்று ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் இரண்டாம் கட்டத்தின் ஸ்பிரிங் தாங்க மாட்டாமல் வழிவிடும். நீங்கள் கேட்டது அந்தச் சத்தம்தான். பொத்தானை அமுக்கும்போது சேர்ந்திருந்த அழுத்தம் வெளியேறுகிறது, திரும்ப ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கிறது.

சிலிண்டர் வால்வைத் திறந்த கணத்திலேயே சீறி, ஒரே அளவில் சீறிக்கொண்டே இருந்தால் இரண்டாம் கட்டத்தைச் சந்தேகிக்கலாம். லீவர் தேவைக்கு மேல் உயர்ந்து நின்றாலும் அப்படி வரும். பம்புக்காரர் சொல்லும் வைத்தியம் அந்த நோய்க்கு உரியது. உங்களுடையதில் லீவரைத் தாழ்த்தினால் சீறல் நிற்காது, மூச்சை இழுக்கத்தான் கஷ்டமாகும். அதற்கும் மேலே போய் ஸ்பிரிங்கை இறுக்கினால் நிலைமை இன்னும் மோசம். குழாயில் ஏறும் அழுத்தம் வெளியேற இருந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறீர்கள். மிகப் பழைய சில மாடல்களில் இரண்டாம் கட்ட வால்வு சாய்ந்து திறக்கும் வகை. அதில் அழுத்தம் ஏற ஏற வால்வு இன்னும் இறுக மூடிக்கொள்ளும், சீறவே சீறாது. அதனால்தான் அந்த வகைக்கு முதல் கட்டத்தில் தனியாக ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருப்பார்கள். அது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால் குழாய் வெடிக்கலாம்.

சந்தேகத்தைத் தீர்க்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். குழாய் அழுத்தத்தைக் காட்டும் சின்னக் கேஜ் ஒன்று எந்தச் சுழியோடி நிலையத்திலும் இருக்கும். அதை மாட்டி, இரண்டு மூன்று முறை பொத்தானை அமுக்கிவிட்டு முள்ளைப் பாருங்கள். ஓர் இடத்தில் வந்து நின்றால் முதல் கட்டம் நலம். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் போய்விட்டது. கேஜ் மாட்டியிருக்கும்போதே ஒரு வாளித் தண்ணீரில் முதல் கட்டத்தை அமிழ்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டரோடு சேரும் இடத்தில் குமிழி வந்தால் அங்கிருக்கும் ஓ-ரிங்கை (இறப்பர் வளையத்தை) மாற்றினால் போதும். முதல் கட்டத்தின் உடம்பில் இருக்கும் சிறு துளைகளிலிருந்து குமிழி வந்தால், உள்ளே பிஸ்டனைச் சுற்றியுள்ள ஓ-ரிங்கோ, டயப்ரம் என்னும் இறப்பர்ச் சவ்வோ கசிகிறது என்று பொருள். அப்போது முழுவதையும் கழற்றியே ஆக வேண்டும்.

உப்புத் தண்ணீர் வருவது வேறு கோளாறு. அதை வீட்டு மேசையிலேயே, சிலிண்டர் இல்லாமல் பார்க்கலாம். முதல் கட்டத்தின் வாயைத் தூசி மூடியால் நன்றாக இறுக்கிவிட்டு, இரண்டாம் கட்டத்தை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். கொஞ்சம் காற்று வந்து, பிறகு இழுக்க முடியாமல் நிற்க வேண்டும். நிற்காமல் காற்று வந்துகொண்டே இருந்தால், காற்று வரும் அதே வழியாகத்தான் கடலில் தண்ணீரும் வருகிறது. முதலில் வாய்க்கவ்வியைக் கழற்றி, பட்டி கட்டியிருந்த இடத்தின் கீழே வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல் கடித்த துளைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்து, வெளிவிடும் மூச்சு போகும் மெல்லிய இறப்பர் வால்வு. அதன் விளிம்பை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். மணலோ முடியோ சிக்கியிருக்கும், அல்லது விளிம்பு சுருண்டிருக்கும். பெட்டிக்குள் பல வருடம் கிடந்தது என்றால், அடியில் ஒட்டிப்போய் நீங்கள் தூக்கும்போதே கிழியவும் கூடும். கடைசியாகப் பெரிய டயப்ரத்தை எடுத்து, இருட்டில் பின்னாலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ஊசித் துளை இருந்தால் வெளிச்சம் சொல்லிவிடும்.

பிரித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இரண்டாம் கட்டத்தின் மூடியைத் திறப்பது வரைக்கும் சரி. முதல் கட்டத்தில் கை வைக்காதீர்கள். இரும்பு ஊசியால் ஓ-ரிங்கைக் கிளப்பி எடுத்து, அது இருந்த பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதற்குப் பிறகு எத்தனை புதிய ஓ-ரிங் போட்டாலும் கசியும். கேஸ் ரெகுலேட்டரின் இறப்பர் வாஷர், பம்பின் வாஷர், மோட்டார் சைக்கிள் கிரீஸ் எதுவும் இதற்குள் போகக் கூடாது. பெற்றோலியத்தில் செய்த எண்ணெயும் கிரீஸும் பழைய இயற்கை இறப்பரை ஊதச் செய்து இளக்கிவிடும். சுழியோடிச் சாதனங்களுக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ்தான் சரி. அதிலும் ஓ-ரிங் பளபளக்கும் அளவுக்குப் பூசினால் போதும்.

வெளியிலிருந்தே ஒன்று பார்க்கலாம். காற்று நுழையும் வாயில் சிறு உலோக வடி இருக்கும். அது பச்சையாக இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்மண் நிறம் என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. கறுப்பு என்றால் காற்றடித்த கொம்பிரசரிலிருந்து வந்த எண்ணெயோ கரியோ. பச்சை மட்டும் என்றால் பயப்படத் தேவையில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் வெள்ளை வினாகிரியைக் கலந்து, திருத்துநர் கழற்றிய பித்தளைப் பாகங்களைக் கொஞ்ச நேரம் போட்டெடுத்தால் களிம்பு கரையும். ஆனால் இரவு முழுக்க ஊறப்போடுவது குரோம் பூச்சுக்குக் கேடு.

இனிக் காசு விஷயம். பித்தளை சாகாது. பழைய ரெகுலேட்டரில் நாம் வாங்குவது பித்தளையை, சாவது இறப்பரும் சீட்டும். ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மாடலுக்குச் சர்வீஸ் கிட் (மாற்ற வேண்டிய இறப்பர், சீட் பாகங்களின் பொதி) இன்னும் கிடைக்கிறதா? உடம்பில் பொறித்திருக்கும் பெயரைப் பாருங்கள். ஸ்கூபாப்ரோ மார்க் 5, யூ.எஸ். டைவர்ஸ் கொன்ஷெல்ப் போன்றவை என்றால் கவலையில்லை, பாகங்களை இன்றும் தேடிப் பிடிக்கலாம். டேக்கர் மாதிரி, வேறு நிறுவனம் வாங்கி மறைந்துபோன பெயர் என்றால் தேடல் நீளும். பெயரே தெரியவில்லை என்றால் 18,000 ரூபாவை அலுமாரி அலங்காரத்துக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் கிடைத்தாலும் செலவு அத்தோடு முடியாது. குழாய் அந்தக் காலத்தது என்றால் உலோகப் பூண் அருகே வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரியும். வெடிப்பு இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவதே நல்லது. பழைய முதல் கட்டங்களில் துவாரங்கள் குறைவு. காற்று மீதியைக் காட்டும் கேஜ், இரண்டாவது வாய்த்துண்டு, மிதவைச் சட்டைக்குக் காற்று அனுப்பும் குழாய் மூன்றுக்கும் இடம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் பலர் கேஜ் இல்லாமலே இறங்கினார்கள். காற்றுக் குறையும்போது மூச்சு இறுகும், உடனே சிலிண்டரில் உள்ள கம்பியை இழுத்தால் மீதிக் காற்று வரும். இன்று எந்த நிலையமும் அப்படி உங்களைத் தண்ணீரில் விடாது. கொழும்பிலோ கரையோரத்திலோ சாதனம் திருத்தும் நிலையத்தில் காட்டி, எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். கிட், குழாய், கூலி மூன்றும் சேர்ந்து, சர்வீஸ் செய்த பிந்திய மாடல் ஒன்றின் விலையை நெருங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் ஒருவர் இரண்டு தடித்த மடிப்புக் குழாய்கள் உள்ள பழைய ரெகுலேட்டரை விற்கிறார். ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டத்தார் திருகோணமலையில் பாவித்தது என்று சொல்லி ஒன்றரை இலட்சம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: எழுத்தாளர் கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்ததும், அதே வருடம் தன் சுழியோடி நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலைக் கடலுக்குள் பழைய கோணேஸ்வரக் கோயிலின் சிதைவுகளைக் கண்டதும் உண்மை. அந்தக் காலத்து ரெகுலேட்டர்களில் இரட்டைக் குழாய் சர்வசாதாரணம் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தால் மூன்றாவது உண்மை வந்துவிடாது. படம், கடிதம், பழைய பற்றுச்சீட்டு என்று ஏதாவது இருந்தால் காட்டட்டும். இல்லாவிட்டால் கதைக்கு விலை கொடுக்காதீர்கள்.

பொருளைப் பாருங்கள். வட்டப் பெட்டியின் முகத்தில் நிறுவனத்தின் பெயர்த் தகடு வாசிக்கும்படி இருக்கிறதா? பெட்டியில் நசுங்கல் உண்டா? குழாய்களின் மடிப்புகளை விரித்துப் பார்த்தால் அடியில் வெடிப்பு இருக்கிறதா? உள்ளே, வெளிமூச்சுப் போகும் வால்வு வாத்தின் அலகு மாதிரித் தட்டையாக இருக்கும். அதன் இரண்டு உதடும் ஒட்டிப்போயிருந்தால் அது முடிந்த கதை. வாய்த்துண்டில் தண்ணீரைத் தடுக்கும் வால்வுகள் இல்லாத ஆரம்பகால மாடலாகவும் இருக்கலாம். இன்னொன்று: தண்ணீருக்குள் வாய்த்துண்டை முதுகில் இருக்கும் பெட்டியைவிட உயரத் தூக்கினால் இந்த வகை தானாகக் காற்றைக் கொட்டும். அது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி. தண்ணீரில் போட்டுக் காட்டி, இதைச் சாக்காக வைத்து விலையைக் குறைக்கப் பார்த்தால் விவரம் தெரிந்த விற்பனையாளர் சிரிப்பார்.

சேகரிக்க வாங்குவதென்றால் விருப்பப்படி செய்யுங்கள். கடலில் இறங்க என்றால் என் ஓட்டு இல்லை.

கேள்வி: கண்டியில் ஒரு கடையில் ரெகுலேட்டரும் அலுமினியச் சிலிண்டரும் சேர்த்து வாங்கினேன். "போன கிழமைதான் சர்வீஸ் செய்தது" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தந்தார்கள். ரெகுலேட்டர் கசிகிறது. கடைக்காரர் "பழைய சாமான் அப்படித்தான்" என்கிறார். இங்கே ஒரு வெல்டிங் கடைக்காரர், சிலிண்டருக்குத் தான் காற்று அடைத்துத் தருவதாகவும் சொல்கிறார்.

பதில்: அந்தப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், போட்டோப் பிரதியும் எடுங்கள். பழையது என்று சொல்லி விற்றது வேறு, சர்வீஸ் செய்தது என்று எழுதி விற்றது வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வியாபாரி கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி முறையிடலாம். எழுத்தில் முறையிட வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். போகும்போது வெறும் கையோடு போகாமல், ஒரு திருத்துநர் கேஜில் பார்த்து எழுதித் தந்த குறிப்பையும் எடுத்துப் போங்கள். கடை இல்லாமல் தனி ஆளிடம் வாங்கியவர்களுக்கு இந்த வழி சரிவராது, அவர்கள் ஊர் மத்தியஸ்த சபையைத்தான் நாட வேண்டும்.

வெல்டிங் கடை வேண்டவே வேண்டாம். அவரிடம் இருப்பது ஒட்சிசன். கிரீஸ் பிசுக்குள்ள பழைய வால்வில் அதை அழுத்தத்தோடு அடைத்தால் தீப்பற்றலாம். தப்பினாலும், தனி ஒட்சிசனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் தண்ணீருக்குள் வலிப்பு வரலாம். சிலிண்டரின் தோளில் பொறித்த திகதிகளைப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்த திகதி இருக்க வேண்டும். 1980களின் இறுதிவரை செய்த அலுமினியச் சிலிண்டர்கள் சிலவற்றின் உலோகக் கலவை 6351. அவற்றின் கழுத்தில் வெடிப்பு வரும் பழக்கம் உண்டு, அதனால் பல நிலையங்கள் காற்று அடைக்க மறுக்கும். உங்களுடையதும் அது என்றால் முறைப்பாட்டில் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: திருத்திய ரெகுலேட்டரைக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சோதித்துப் பார்க்கலாமா? திருகோணமலைக்குப் போனால், சுழியோடிவிட்டு அன்றைக்கே நுவரெலியா திரும்பலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேலுள்ள நீரில் இறங்கவே ஆழத்துக்கும் நேரத்துக்கும் தனிக் கணக்கு வேண்டும், காசல்ரீ ஆயிரம் மீட்டருக்கும் மேலே. கலங்கிய நீருக்குள் என்ன கிடக்கிறது என்றும் தெரியாது. முதல் சோதனை நீச்சல் தடாகத்தில், நிற்கும் ஆழத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க நடக்கட்டும்.

திரும்புவதைப் பொறுத்தவரை, நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். சுழியோடிய உடனே உயரம் ஏறினால் உடம்பில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகலாம். சுழியோடியபின் விமானம் ஏறுவதற்குச் சொல்லும் இடைவெளி, 600 மீட்டருக்கு மேல் வாகனத்தில் ஏறிப் போகிறவர்களுக்கும் பொருந்தும். ஒரே ஒரு முறை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் இறங்கினால் 18 மணி நேரம். அன்றிரவு திருகோணமலையில் தங்குங்கள். அறை கிடைக்காவிட்டால் தம்புள்ளை வரை வரலாம், அது தாழ்நிலம். மலையேற்றத்தை மறுநாள் நேரத்தைக் கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள்.