டெண்டா, வனத்துறை அறையா? டாப்ஸ்லிப்பில் ஓர் இரவு

கேள்வி: காட்டுக்குள் டெண்ட் போட்டுத் தூங்க வேண்டும் என்று என் 8 வயது மகன் ஆசைப்படுகிறான். 68 வயதான அப்பாவும் எங்களோடு வருகிறார். டாப்ஸ்லிப்பில் உள்ள வனத்துறை அறைகள் ரொம்பச் சாதாரணமாக இருக்கும் என்கிறார்கள். அங்கே தங்கினால் காட்டில் தங்கிய உணர்வு வருமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– மதுரை வாசகர்

பதில்: தயங்காமல் அறையையே பதிவு செய்யுங்கள். டாப்ஸ்லிப் ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் நுழையவும் தங்கவும் அனுமதி வேண்டும். தீ மூட்டுவது குற்றம். நாமாக ஓரிடம் பார்த்து டெண்ட் அடிக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

காப்பகத்துக்கு வெளியே, எஸ்டேட் ஓரங்களில் டெண்ட் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. எனக்கு அதிகக் கவலை அங்கேதான். காப்பகத்தின் எல்லை யானைக்குத் தெரியாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு தனியார் விடுதியின் டெண்டில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். குழந்தையும் பெரியவரும் உடன் இருக்கும்போது சுவரும் கதவும் கட்டாயம் வேண்டும்.

சரி, காட்டின் உணர்வு வருமா? நிச்சயம் வரும். பகலில் வந்துபோகிறவர்கள் மாலைக்குள் மலை இறங்கியாக வேண்டும். சேத்துமடை சோதனைச்சாவடி மூடிய பிறகு மேலே இருப்பது அங்கே வேலை பார்ப்பவர்களும் அறை எடுத்தவர்களும்தான். வண்டிச் சத்தம் அடங்கியதும் புல்வெளிக்குப் புள்ளிமான்களும் காட்டுப்பன்றிகளும் வரத் தொடங்கும். சில நாள் காட்டெருமையும் வரும். விடியற்காலை இன்னும் நன்றாக இருக்கும். இருட்டு விலகுவதற்கு முன்பே சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும், பிறகு கருமந்தியின் முழக்கம். இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். காலையில் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி வருகிறவர்களுக்கு இந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. அறைக்குக் கொடுக்கும் பணம் இதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு போங்கள். கட்டில், மின்விசிறியின் குறைகள் அப்புறம் பெரிதாகத் தெரியாது.

அறைக்கான பதிவைக் காப்பகத்தின் இணையதளத்தில் செய்யலாம். அதோடு விட்டுவிடாமல், வனத்துறையின் பொள்ளாச்சி அலுவலகத்துக்கும் ஒரு போன் போடுங்கள். அப்பாவுக்காகக் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. வண்டி வாசல்வரை போகுமா, படிகள் எத்தனை, கழிவறை மேற்கத்திய முறையிலானதா, வெந்நீர் எப்போது கிடைக்கும்? விடுதிகள் எல்லாம் ஒரே வளாகத்தில் இல்லை. அம்புலி இல்லம் போன்றவை வரவேற்பு மையத்திலிருந்து தள்ளி இருக்கின்றன. சாப்பிட ஒரு நடை போய்வரலாம் என்று இருட்டில் கிளம்ப முடியாது. அதனால் இரவுச் சாப்பாடு எங்கே, எத்தனை மணிக்குள், முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பொருள்களில் முதலிடம் டார்ச்சுக்கு. ஆளுக்கொன்று, கூடுதல் பேட்டரியோடு. மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சொந்தப் போர்வை, தலையணை உறை, துண்டு, கொசுவிரட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் மாத்திரைகளை இரண்டு நாளுக்குச் சேர்த்தே வையுங்கள், மேலே மருந்துக்கடை கிடையாது. செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சேத்துமடையிலேயே சொல்லிவிடுங்கள். பெட்ரோலும் பணமும் பொள்ளாச்சியில். குடிநீருக்குப் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் கேனில் கொண்டுபோங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலமென்றால் அட்டைகள் இருக்கும். நீளமான காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும்.

தின்பண்டப் பையை ஜன்னலோரம் வைத்தால் குரங்கு எடுத்துவிடும். காரிலும் வைக்காதீர்கள். வாழைப்பழம், வெல்லம், அரிசி வாசம் யானையை இழுக்கும். வால்பாறைப் பக்கம் ரேஷன் கடைச் சுவரை உடைத்து அரிசி தின்றதும் இந்த ஆனைமலை யானைகள்தான். இருட்டிய பிறகு யாரும் வாசற்படி தாண்டக் கூடாது, போட்டோ எடுக்கக்கூட. எதிரே விலங்கு தெரிந்தால் அதன் கண்ணில் டார்ச் அடிக்கக் கூடாது. இதை மகனுக்கு ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சொல்லிப் பழக்குங்கள்.

பகலில் வனத்துறை வண்டியில் கோழிகமுத்தி யானைகள் முகாமுக்குப் போய்வாருங்கள். நேரம் இருந்தால் ஹியூகோ வுட் கல்லறையையும் காட்டுங்கள். வெட்டித் தீர்த்த தேக்குக் காட்டை மறுபடி வளரவைத்த ஆங்கிலேய வன அதிகாரி அவர். 1933-இல் இறந்தார். தான் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்த மரநிழலில் நின்று கேட்டால் பையன் மனதில் நிற்கும்.

இல்லை, டெண்ட்தான் வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தால், டாப்ஸ்லிப் வழியாகவே பரம்பிக்குளம் போகலாம். ஆனப்பாடியில் கேரள வனத்துறை நிலையாக அமைத்திருக்கும் டெண்டுகளில் கட்டிலும் குளியலறையும் உண்டு. பெரியவருக்கும் சிரமம் இருக்காது. அதற்குப் பதிவு தனி.

வார நாளாகப் பாருங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீ அபாயத்தால் அனுமதியை நிறுத்திவைப்பதும் உண்டு. அந்த மாதங்களில் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முந்தைய நாள் அலுவலகத்தில் இன்னொரு முறை கேட்டுக்கொண்டு பையைக் கட்டுங்கள்.