பெருந்துறையும் பேருந்துறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீதியில் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த பீகார் பையன்கள் நாலைந்து பேர் குடியிருக்கிறார்கள். தமிழ் நன்றாகவே பேசுகிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் 'பேருந்துறை' என்கிறார்கள். திருத்தினால் சிரித்துவிட்டு மறுபடியும் அதையேதான் சொல்கிறார்கள். என்னமோ பஸ் ஸ்டாண்டு பெயர் மாதிரி இருக்கிறது. இது போதாதென்று ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, "ஈ-க்குப் புது எழுத்து இருக்குது, ஏ-க்கு மட்டும் எ-வையே போட்டு எதுக்குத் தாத்தா கீழே கோடு?" என்று கேட்கிறாள். ஏ, ஓ இரண்டும் வீரமாமுனிவர் தந்தவை என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்படியானால் அதற்கு முன்னால் நமக்கு அந்த நெடில்களே கிடையாதா? மற்ற மொழிக்காரர்கள் நெடிலுக்கு என்னதான் செய்கிறார்கள்?

வாசகர், பெருந்துறை

அன்புள்ள ஐயா,

பையன்கள் மேல் தப்பில்லைங்க. அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த இந்தியில் ஏ உண்டு, ஓ உண்டு. எ, ஒ கிடையாது. சமஸ்கிருதத்திலும் அப்படித்தான். ஊர்ப் பெயரை போனில் இந்தியில் எழுதி வைத்துக்கொள்கிறவனுக்குப் 'பே' ஒன்றுதான் வழி. எழுதியதைத்தானே வாசிப்பான்? தமிழ் போன்ற மொழிகளின் குறிலைக் காட்டுவதற்கென்றே தேவநாகரியில் தனி உருவங்கள் செய்து வைத்திருக்கிறார்கள், கணினியிலும் அவை இருக்கின்றன. ஆனால் பீகாரில் ஒரு கிராமத்துப் பள்ளியில் அதை யார் சொல்லித் தரப்போகிறார்கள்? நம் ஆட்கள் மட்டும் என்ன, 'ப'வில் நான்கு வகை உண்டு என்று அவர்கள் சொன்னால் நமக்கு நாலும் ஒன்றாகத்தான் கேட்கிறது.

அடுத்து, வீரமாமுனிவர் சங்கதி. ஒலி அவர் தந்ததல்ல. கரூர்ப் பக்கம் புகளூர் மலையில் சேரர்கள் சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த கல்வெட்டில் 'கோ ஆதன்' இருக்கிறார். அவருக்கும் வீரமாமுனிவருக்கும் நடுவே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாவது இருக்கும். நாம் ஓ சொல்லத் தெரியாமலா இருந்தோம்? சிக்கல் எழுத்தில்தான்.

பிராமி எழுத்து வடக்கத்தி மொழிகளுக்கு அமைந்தது. அங்கே ஏகார ஒலிக்கு ஒரே எழுத்து, ஓகாரத்துக்கும் ஒரே எழுத்து. இரண்டும் நெடிலாகவே எண்ணப்பட்டவை. அதை வாங்கித் தமிழ் எழுதியபோது ஆளில்லாமல் நின்றது நெடில் இல்லை, குறில். அதனால் குறிலுக்குத்தான் அடையாளம் வைத்தார்கள்: மேலே ஒரு புள்ளி. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று சொன்ன கையோடு, எகர ஒகரத்துக்கும் அதுதான் இயல்பு என்கிறது தொல்காப்பியம். நன்னூல் 98ஆம் நூற்பாவும் அதையே சொல்கிறது. ஆக, இன்று நாம் புள்ளி இல்லாமல் எழுதும் 'எ' இருக்கிறதே, அதுதான் அன்றைக்கு ஏ. தலையில் புள்ளி வைத்தால்தான் எ.

ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பரணில் பாட்டன் காலத்து ஓலைக்கட்டு ஒன்று கிடக்கிறது, நிலக் கணக்கு. ஒற்றைக் கொம்புதான் எங்கே பார்த்தாலும். 'தொட்டம்' என்று இருப்பதைத் தோட்டம் என்றும், 'பெரூர்' என்று இருப்பதைப் பேரூர் என்றும் நாமாகத்தான் வாசித்துக்கொள்ள வேண்டும். ஊரும் தோட்டமும் தெரிந்தவனுக்கு அது கஷ்டமில்லை. தெரியாதவன் கதி? நம் பேச்சிலேயே ஒன்று பாருங்கள். "எல்லாரும் ஒட்டுக்கா வந்தாங்க" என்றால் சேர்ந்து வந்தார்கள். "எல்லாரும் ஓட்டுக்கா வந்தாங்க?" என்றால் அது தேர்தல் சமயத்துக் கேள்வி. ஓலையில் இரண்டும் ஒரே வரி.

இந்த இடத்தில்தான் வீரமாமுனிவர் வருகிறார், 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். இத்தாலியில் இருந்து வந்து தமிழைப் படித்துக் கற்றவர். காதுக்குப் பழகுமுன் கண்ணால் வாசிக்க வேண்டியிருந்த மனிதருக்கு இந்தக் குழப்பம் உறைத்ததில் வியப்பில்லை. அவர் பெயரால் வழங்கும் திருத்தத்தில் முறை தலைகீழாகிறது. அடையாளம் குறிலை விட்டு நெடிலுக்குப் போகிறது: ஏ-க்குக் கீழே ஒரு இழுப்பு, ஓ-வுக்கு ஒரு சுழி, கே-க்கு இரட்டைக் கொம்பு. புள்ளியில்லாத பழைய நெடில் இறங்கி வந்து குறில் ஆகிவிட்டது. அதுவும் ஒரே நாளில் ஊன்றிவிடவில்லை, அச்சு வந்த பிறகும் வெகுகாலம் இழுத்தது. பேத்திக்குச் சொல்லுங்கள்: ஈ ஆதியில் இருந்தே தனி வீட்டுக்காரி. ஏ, எ-வோடு ஒரே வீட்டில் குடியிருந்து பாகம் பிரிந்தவள். அந்தக் கோடு பாகச் சுவர்.

மற்ற மொழிகள் என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் சொல்ல இங்கே இடம் போதாது, எனக்குப் பிடித்த சிலதைச் சொல்கிறேன். முதலில் கிரேக்கம். கொரோனா காலத்தில் ஒமிக்ரான் என்ற பெயர் நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்ததே, அதற்குப் பொருள் 'சின்ன ஒ'. நெடில் ஒமேகா, 'பெரிய ஓ'. எ-க்கு எப்சிலான், ஏ-க்கு ஏட்டா. அ, இ, உ மூன்றுக்கும் குறிலும் நெடிலும் ஒரே எழுத்துதான்! வடமொழி எந்த இரண்டைப் பிரிக்காமல் விட்டதோ, கிரேக்கம் அந்த இரண்டை மட்டும் பிரித்தது. ஏட்டா அவர்களுக்கு 'ஹ' எழுத்தாக வந்து சேர்ந்தது. ஹ-வை உச்சரிக்காத அயோனியப் பகுதிக்காரர்கள் சும்மா கிடந்த எழுத்தை ஏ-க்கு வைத்துக்கொண்டார்கள். ஏதென்ஸ் அந்த வரிசையை அரசு எழுத்தாக ஏற்றது கி.மு. 403இல்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சத்தியமங்கலத்தில் பஸ் ஏறித் தாளவாடிக்குப் போங்கள், நம் ஈரோடு மாவட்டம்தான். அங்கே கன்னடத்தில் 'ஹோட்டெல்' என்று எழுதியிருக்கும் பலகை முன்னால் நின்று பாருங்கள். ஹோ-வுக்கு வலப்பக்கம் ஒரு வால் தொங்கும், டெ-க்கு இருக்காது. அந்த வாலுக்குத் தீர்க்கம் என்று பெயர். கீ, கே, கோ மூன்றுக்கும் அதே வால்தான். நம்முடைய சுழி, கொம்பு, கால் எல்லாவற்றையும் விட இது சிக்கனம் என்று எனக்கு ஒரு எண்ணம். தமிழாசிரியர்கள் அடிக்க வரக்கூடாது.

ஜப்பான்காரர்கள் வெளிநாட்டுச் சொல்லை எழுதும்போது நெடிலுக்கு வெறும் கோடு போடுகிறார்கள். காப்பிக்கு அவர்கள் சொல் 'கோஹீ'. எழுதினால் நாலு உரு: கொ, கோடு, ஹி, கோடு. பாதிக் காப்பி கோடுதான். மேலிருந்து கீழாக எழுதினால் படுத்திருந்த கோடு எழுந்து நிற்கும். பின்லாந்துக்காரர்கள் எழுத்தையே இரண்டு தரம் போடுகிறார்கள். 'துலி' என்றால் நெருப்பு. உகரத்தை இரட்டித்தால் 'தூலி', காற்று. நம் அளபெடையும் ஏறக்குறைய இந்த வழிதான், நெடிலுக்கும் மேலே நீட்ட எழுத்தைக் கூட்டி எழுதுவது. அரபியில் நெடிலுக்கு எழுத்து உண்டு, குறிலைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. இங்கிலீஷை விட்டுவிடுவோம். ஈரோட்டை எழுதினால் மண் அரிப்பு என்று வாசிக்கிற மொழி அது.

கடைசியாக ஒன்று. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் உங்கள் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நம் பகுதியில் சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது உண்மையோ இல்லையோ, அவர் இன்றைக்கு வந்து பெருந்துறை ரயில் நிலையப் பெயர்ப்பலகை முன்னால் நின்றால் என்ன நடக்கும்? முதல் எழுத்தின் தலையைப் பார்ப்பார். புள்ளி இல்லை. 98ஆம் நூற்பாப்படி அவரும் 'பேருந்துறை' என்றுதான் வாசிப்பார். அடுத்த தடவை அந்தப் பையன்கள் சொல்லும்போது திருத்தாமல் இருந்து பாருங்களேன்.

அன்புடன்.