மறுதாம்புத் தோப்பு: கேள்வி பதில்

வெட்டிய தூரிலிருந்து மீண்டும் தழைக்கும் மரங்களை, அதாவது மறுதாம்பு மரங்களை, சொந்த நிலத்தில் வளர்ப்போர் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: திண்டிவனம் அருகே இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உள்ளது. ஒரு முறை நட்டுப் பல முறை வெட்டச் சவுக்கு ஏற்றதா, ஐயா?

நம் கடலோர மாவட்டங்களில் வழக்கமாக நடப்படும் சவுக்கு தூரிலிருந்து ஒழுங்காகத் தழைப்பதில்லை; ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் புதுக் கன்றுதான் நட வேண்டும். தைல மரம், சூபாபுல், கிளைரிசிடியா, வேம்பு, புங்கன் ஆகியவை நன்கு துளிர்க்கும். தைலத்தை 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 900 கன்றுகள் பிடிக்கும். எனினும், கிணற்றை ஒட்டிய பகுதியில் தைலம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அங்கே வேம்பும் புங்கனும் இருக்கட்டும். நிலத்தை நான்கு துண்டுகளாக்கி, ஆண்டுக்கு ஒரு துண்டு என நட்டு, அதே வரிசையில் வெட்டி வந்தால், தோப்பு ஒருபோதும் வெறுமையாகாது.

கேள்வி: சென்ற கோடையில் தைலத்தை வெட்டினோம். பாதித் தூர்கள் துளிர்க்கவில்லை. காரணம் என்ன?

வெட்டிய பருவமும் வெட்டிய விதமும்தான் காரணமாக இருக்கும். துளிர் மரத்தின் நடுவிலிருந்து வருவதில்லை. பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து வருகிறது. மழுங்கிய கோடரியால் வெட்டும்போது பட்டை கிழிந்து கட்டையை விட்டுப் பிரிந்தால், அந்த மொட்டுகள் காய்ந்துவிடும். எங்கள் தோப்பில் ஒரு வரிசை முழுவதும் இப்படிப் பட்டுப்போனதைப் பார்த்த பிறகு, ரம்பத்தைத் தவிர வேறெதையும் நான் அனுமதிப்பதில்லை. தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில், மழைநீர் தேங்காமல் வழியும்படி சற்றே சாய்வாக அறுங்கள். கடுங்கோடையைத் தவிர்த்து, மழை தொடங்கவிருக்கும் நாள்களில் வெட்டுவது நல்லது. அறுத்த கையோடு தூரின் மேல் கிடக்கும் தழைகளை அகற்றிவிடுங்கள். அவற்றைத் தோப்புக்குள் எரித்தால் தூரும் வெந்துவிடும்.

கேள்வி: ஒரு தூரில் பத்துப் பன்னிரண்டு துளிர்கள் உள்ளன. எத்தனை விடலாம்?

கம்பு பருமனாக வேண்டுமென்றால் ஒன்று அல்லது இரண்டு போதும். ஆனால் அவசரப்பட்டு முதல் மாதத்திலேயே கழிக்காதீர்கள். ஆளுயரம் வந்த பின், தரைக்கு அருகில் முளைத்ததும் காற்று வீசும் பக்கம் நிற்பதுமான துளிரை வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதைத் தூரோடு சேர்த்து அழுத்துமே தவிரப் பிய்த்தெறியாது. அதுவரை ஆடு நுழையாமல் வேலி காப்பது இன்றியமையாதது.

கேள்வி: இளந்துளிர்களின் இலை நரம்பிலும் காம்பிலும் முடிச்சுகள் தெரிகின்றன. மருந்து அடிக்கலாமா?

அது தைல மரத்தைத் தாக்கும் சிறு குளவியின் வேலை. அதன் புழு முடிச்சுக்குள் இருப்பதால் மருந்து எட்டாது. அடுத்த நடவில் தாங்கும் திறனுள்ள ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பட்டுப்போன தூர்களின் இடையே புதுக் கன்று நடலாமா?

ஒன்றிரண்டு இடைவெளிகளுக்காக நடாதீர்கள். பழைய வேரின் வலுவில் எழும் துளிர் கன்றைவிட விரைவாக வளர்ந்து நிழலில் அடக்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு தூர்கள் பட்டுப்போனால், அந்தத் துண்டை முழுவதும் தோண்டி எடுத்துப் புதிதாக நடுவதே முறை.